மாட்டுக்கு இருபது சதமானம்

“ஆப்பிளை மட்டும் தின்னு இந்தக் கணக்கை எட்டணும்னா, ஒரு நாளைக்கு நூத்தி எழுபது ஆப்பிள் வேணும் அம்மே” என்றாள் ஜெஸ்னா.

சரஸ்வதியம்மாள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக ஜெஸ்னா சொல்லவுமில்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் எந்த நோயாளி என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற பெண் அவள். கால்குலேட்டரைத் திருப்பி, பச்சை எண்களை சரஸ்வதியம்மாளின் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேக வைத்த அண்டா அடுப்பில் சரிந்து, கொதிநீர் முழுவதும் சரஸ்வதியம்மாளின் வலது காலில் கொட்டியிருந்தது. முழங்கால் மடிப்பிலிருந்து கணுக்கால் வரை தோல் போய்விட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டும் என்றார் டாக்டர். ஆனால் ரத்தத்தில் ஆல்புமின் மூன்றுக்கு வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்றும் சொல்லிவிட்டார். உடம்பில் புரதம் இல்லாமல் ஒட்டினால் ஒட்டிய தோல் பிடிக்காதாம். வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு புள்ளி நான்கு இருந்தது. பதினைந்து நாள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு, இன்று எடுத்த ரத்தத்தில் இரண்டு புள்ளி ஒன்று.

“ஏற வேண்டியது இறங்கியிருக்கே” என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றியபோது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. “இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அதுக்குள்ள ஏறலைன்னா புண்ணு தானாச் சுருங்கி இழுத்துக்கும். முட்டி மடங்கினபடியே நின்னுடும். அப்புறம் ஆயுசுக்கும் ஊன்றுகட்டைதான்.”

ஐம்பத்து மூன்று வயது சரஸ்வதியம்மாளுக்கு மாடுகள்தான் நினைவுக்கு வந்தன. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவர்கள் தோட்டத்தில் எட்டு மாடுகள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து கறந்து, சங்கத்து வண்டிக்குப் பால் அனுப்பி, சாணி அள்ளி, தீவனம் கலக்கிற கால்கள் அவளுடையவை. ஒரு காலை மடக்கிக்கொண்டு மாட்டின் மடிக்குக் கீழே உட்கார முடியாது.

சரஸ்வதியம்மாள் நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறாள் என்று ஜெஸ்னா முதலிலேயே கேட்டிருந்தாள். காலையில் கஞ்சி, ஒரு ஆப்பிள். பத்து மணிக்கு ஆரஞ்சு. மத்தியானம் ரசஞ்சோறு, பப்பாளி. சாயங்காலம் திராட்சை. ராத்திரி மறுபடி கஞ்சி, வாழைப்பழம்.

“ஆப்பிள்ல அரை கிராம். ஆரஞ்சுல ஒண்ணு. பப்பாளி, திராட்சை ரெண்டும் சேர்த்து ஒண்ணு. வாழைப்பழம் ஒண்ணேகால். பழம் எல்லாம் கூட்டினாலும் நாலு கிராம் இல்ல. கஞ்சியும் சோறும் சேர்த்தா இருபது. அம்மைக்கு வேண்டியது எண்பத்தஞ்சு.”

பக்கத்தில் நின்ற கணவர் காளிச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. “கொய்யாப்பழத்துல ப்ரோட்டீன் ரொம்ப இருக்குதுன்னு போன்ல வந்துச்சுங்களே.”

“பழத்துக்குள்ள அதுதான் கெட்டிக்காரன். நூறு கிராமுக்கு ரெண்டரை. எண்பத்தஞ்சு வேணும்னா மூணரைக் கிலோ கொய்யா தின்னணும். தின்ன முடியுமா? பழம் வேண்டாம்னு நான் சொல்லல, கேட்டோ. ஒண்ணு ரெண்டு நல்லது. சாப்பாட்டுக்குப் பதிலா பழம்தான் வேண்டாம்.” ஒரு தாளில் மளமளவென்று எழுதினாள். நாலு முட்டை. பருப்பு. வறுத்த கடலை. தயிர். பயறு. ஒரு நேரம் கோழியோ மீனோ.

காளிச்சாமி தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் மடித்த மடிப்பைப் பார்த்ததும் அது இனி வெளியே வராது என்று சரஸ்வதியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அதிகாரம் காளிச்சாமியிடம் இல்லை. தம்பி பெண்டாட்டிக்குக் கால் வெந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே, கணவரின் அக்காவும் சரஸ்வதியம்மாளுக்கு நங்கையாளுமான மயிலாத்தாள் கோபாலபுரத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். சமையற்கட்டுச் சாவி அவள் இடுப்பில் ஏறியது. புண்ணுக்குப் பத்தியம் என்று அவள் போட்ட பட்டியலில் ஆகாதவைதான் அதிகம். பருப்பு ஆகாது, சீழ் வைக்கும். கடலை ஆகாது. முட்டை ஆகவே ஆகாது. கறி, மீன், தயிர், பயறு எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. ஆனது ரசம், கஞ்சி, பழம்.

பழத்துக்குப் பஞ்சமில்லை. சீக்காளியைப் பார்க்க வருகிற சொந்தபந்தங்களான ஒறம்பரை வெறுங்கையோடு வருமா? ஒருவர் தவறாமல் ஆப்பிளும் ஆரஞ்சும் திராட்சையும்தான். முன்னறையில் பழப்பைகள் அடுக்கடுக்காகத் தொங்கின. வந்தவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நல்லாப் பழமாச் சாப்பிடு சரசு, ரத்தம் ஊறும்” என்று சொல்லிவிட்டு, மயிலாத்தாள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

தாளைப் பற்றி சரஸ்வதியம்மாள் பேச்செடுத்தபோது மயிலாத்தாள் கையை உதறினாள்.

“அந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும்? இருவத்தஞ்சு? எங்கம்மாளுக்கு முதுகுல கட்டி வந்தப்ப, ஒரு நாளு தெரியாமப் பருப்புத் தின்னுபோட்டு மூணு மாசம் சீழு வடிஞ்சுது. நான் கண்ணால பாத்தவ. எனக்குத் தாளு காட்டறயா?”

“ஆல்புமினு எறங்கிப்போச்சுங்க நங்கையா. டாக்டரு சத்தம் போடறாரு.”

“எறங்குனா ஏத்த ஊசி போடச் சொல்லு. அதுக்குத்தான அவனுக்குப் படிப்பு.”

காளிச்சாமி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்திரண்டு வருஷமாக அக்கா பேசும்போது அவர் பார்க்கிற திசை அதுதான்.

மறுநாள் மருமகள் தமிழ்ப்ரியா ஒரு காரியம் செய்தாள். பால் சங்கத்தில் பாலைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் பூபதிராஜா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான், வாரக் கடைசியில்தான் வருவான். சங்கத்துப் பக்கத்து டீக்கடையில் இரண்டு முட்டை வேக வைக்கச் சொல்லி, தோலுரித்து, சோற்று டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

“சீக்கிரம் முழுங்குங்க அத்தை. பெரியத்தை பொடக்காளில இருக்காங்க.”

பொடக்காளி என்றால் புழக்கடை. அங்கிருந்து முன்னறைக்கு இருபதடி. முதல் முட்டை தொண்டையைத் தாண்டியது. இரண்டாவதைக் கடித்தபோது மயிலாத்தாள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

“முட்டை நாத்தம் வருதே. ஆரு ஊட்டுல?”

சரஸ்வதியம்மாளின் கன்னம் உப்பியிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், சொந்த வீட்டில், திருட்டுப் பூனை மாதிரி வாயை மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மயிலாத்தாள் தன் உள்ளங்கையை அவள் தாடைக்குக் கீழே நீட்டினாள்.

“துப்பு.”

துப்பினாள். ஏன் துப்பினோம் என்று அப்புறம் இரண்டு நாள் அந்த ஒன்றையே நினைத்து நினைத்துப் புழுங்கினாள். முழுங்கியிருந்தால் மயிலாத்தாள் என்ன செய்திருப்பாள், தொண்டைக்குள் கை விட்டிருப்பாளா?

மயிலாத்தாள் தமிழ்ப்ரியாவை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுப் போனதும், சரஸ்வதியம்மாள் மருமகளிடம் குரல் தாழ்த்திச் சொன்னாள்: “என்ன கண்ணு, டப்பாவை மூடிக் கொண்டாந்திருக்கலாமல்ல. இப்படி மாட்டிவிட்டுப் போட்டயே.”

தமிழ்ப்ரியா தரையில் சிந்திய மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எனக்கு ஆபரேசன் பண்ணிக் கொழந்தை எடுத்தப்ப நாப்பது நாளு ரசஞ்சோறும் ஆப்பிளுந்தானுங்க அத்தை குடுத்தீங்க. தையல் பிரிஞ்சுது. மறுபடி தெச்சாங்க. அப்ப பெரியத்தை இங்க இல்ல. நீங்கதான் இருந்தீங்க.”

சரஸ்வதியம்மாளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே கட்டிலில் கிடந்த பெண்ணிடமிருந்து பருப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போன கை, இப்போது தன் மடியில்தான் கிடந்தது.

அடுத்த நாள் காலை மிருகாஸ்பத்திரி டாக்டர் ஆர்த்தி ஸ்கூட்டரில் வந்தாள். செவலை மாடு எட்டு மாதச் சினை. அதைச் சோதித்துப் பார்க்கக் காளிச்சாமிதான் கூப்பிட்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாடு கட்டும் சாளை. அங்கே பேசுவது இங்கே தெளிவாகக் கேட்கும். சரஸ்வதியம்மாள் கையில் பப்பாளித் தட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தீவனம் எவ்வளவு வெக்கறீங்க?” என்றாள் ஆர்த்தி.

“காலைல ரெண்டு கிலோ, சாயங்காலம் ஒண்ணரைக் கிலோங்க. மூட்டை வாங்கறப்பவே ப்ரோட்டீன் இருவது சதமானம்னு போட்டிருக்கான்னு பாத்துத்தானுங்க வாங்கறது. அதும்மேல கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோ.”

“நல்லாக் கவனிக்கறீங்களே. சினையா இருக்கறப்ப ப்ரோட்டீன் குறையவே கூடாது.”

“அதெப்படீங்க கொறைய உடுவேன்? ஒருக்கா மெலிஞ்சுபோச்சுன்னா அப்பறம் ஒடம்பு தேர்றக்கு ஆறு மாசம் ஆகுமுங்களே. வாயில்லா சீவன், அதா வந்து கேக்கும்? நாமதானுங்க பாத்துப் பாத்து வெக்கோணும்.”

பப்பாளித் துண்டு சரஸ்வதியம்மாளின் விரலிலிருந்து தட்டில் விழுந்தது.

அந்தக் கணக்கு அவளுக்குப் புதிதல்ல. அந்த மூட்டையை அவிழ்த்துக் கலக்குபவளே அவள்தான். மூன்றரைக் கிலோவில் இருபது சதமானம் என்றால் எழுநூறு கிராம். புண்ணாக்கையும் சேர்த்தால் தொள்ளாயிரம். மாடு தன்னைவிட எட்டு மடங்கு கனம் என்று வைத்தாலும் தன் பங்குக்கு நூறு கிராம் வந்திருக்க வேண்டும். வந்தது இருபது. இந்த மனிதருக்குப் புரதம் என்றால் என்னவென்று தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தெரிந்திருக்கிறது. சதமானத்தோடு தெரிந்திருக்கிறது. வாயில்லாத ஜீவனுக்குப் பார்த்துப் பார்த்து வைத்தவர், வாய்விட்டுக் கேட்டவளுக்குத் தாளை நான்காக மடித்து வைத்துவிட்டார்.

“தமிழு” என்று கூப்பிட்டாள். “அந்தப் பழப் பையி எல்லாத்தையும் எடு.”

“எதுக்குங்க அத்தை?”

“எடுன்னா எடு.”

கட்டிலிலிருந்து இறங்கினாள். பதினைந்து நாளாகக் கழிப்பறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர இறங்காத கால். கட்டுத்துணிக்குள் தீ வைத்தது போல் எரிந்தது. ஊன்றுகம்பைப் பிடித்துக்கொண்டு, தமிழ்ப்ரியா ஒரு கையில் நான்கு பைகளும் மறுகையில் மாமியாரின் முழங்கையுமாக வர, இருவரும் பின்வாசல் வழியாகச் சாளைக்குப் போனார்கள். காளிச்சாமி டாக்டரோடு பேசியபடி வாசல் கேட்டுப் பக்கம் போயிருந்தார்.

சரஸ்வதியம்மாள் செவலையின் தொட்டியில் பையைக் கவிழ்த்தாள். ஆப்பிள் உருண்டது. ஆரஞ்சு, திராட்சை, இரண்டு பப்பாளி, ஒரு சீப்பு வாழைப்பழம். ஒவ்வொரு பையாகக் கொட்டினாள். செவலை ஒரு முறை மோந்துவிட்டு, வாயை வைத்து மொறுக்கென்று ஆப்பிளைக் கடித்தது.

அந்தச் சத்தம் காளிச்சாமிக்கு எப்படிக் கேட்டதோ. ஓடி வந்தார். வந்த வேகத்தில் வேட்டி முனை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டுப் பழத்தை வாரி வாரி வெளியே எறிந்தார்.

“ஏம்புள்ளே, உனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா? சினை மாடு. இத்தனை பழத்தைத் தின்னா வயிறு உப்பிப் போயிருமல்ல. போன வருசம் மேக்காலத் தோட்டத்து மாடு பலாப்பழத்தைத் தின்னுபோட்டுச் செத்தது தெரியாதா? டாக்டரம்மா, சித்த இங்க வாங்க.”

ஆர்த்தி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், மாட்டின் வாயைப் பார்த்தாள். “ஒண்ணு ரெண்டுதான் தின்னிருக்கு. பயமில்லை. இதுக்கு மேல வேண்டாம்.”

“டாக்டரம்மா” என்றாள் சரஸ்வதியம்மாள். குரல் உயரவில்லை. “ஒரு சந்தேகமுங்க. தீவனம், புண்ணாக்கு எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு, கஞ்சித்தண்ணியும் இந்தப் பழமும் மட்டும் வெச்சா மாடு என்னாகுமுங்க?”

“தாங்காதும்மா. ஒரு மாசத்துல எந்திரிக்கவே முடியாமப் படுத்துடும்.”

“இவருகிட்டச் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் காளிச்சாமி எரிச்சலோடு.

“மாட்டுக்குன்னாத் தெரியும். எனக்குன்னா தெரியாது.”

சத்தம் கேட்டு மயிலாத்தாள் வந்துவிட்டாள். சிதறிக் கிடந்த பழத்தைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஒறம்பரை ஆசையாக் கொண்டாந்ததைச் சாணியில கொட்டியிருக்கறயே. மாடும் மனுசியும் ஒண்ணா சரசு? மாட்டுக்கா புண்ணு வந்திருக்குது?”

சரஸ்வதியம்மாள் ஊன்றுகம்பைத் தூக்கிச் செவலையின் பின்தொடையைத் தொட்டுக் காட்டினாள். உள்ளங்கை அகலத்தில் முடி முளைக்காத ஒரு தழும்பு.

“போன ஐப்பசில கறுப்பு மாடு கொம்புல குத்தி இதுக்கு இங்க கிழிஞ்சுது. எலும்பு தெரிஞ்சுது. அன்னைக்குப் புண்ணாக்கை நிறுத்தினீங்களா?” அவள் கேட்டது கணவரை. “சொல்லுங்க. பருத்திக்கொட்டைய நிறுத்தினீங்களா? புண்ணு ஆறோணும்னு எச்சா அரைக் கிலோ வெக்கச் சொன்னீங்க. வெச்சது நான். கடலைப் புண்ணாக்கு. கடலைதானுங்க அது? சீழ் வெச்சுதா?”

காளிச்சாமி தழும்பையே பார்த்தார். இந்த முறை பார்ப்பதற்குச் சாளையில் காலண்டர் இல்லை.

“எத்தனை நாளுல ஆறுச்சு?”

“மூணு வாரம்” என்றார், வாய்க்குள்.

“எனக்கு ஒண்ணரை மாசம் ஆச்சு. பொறந்ததே தப்பா மனுசியாப் பொறந்துபோட்டேன்.”

“ஆறாமப் போச்சுன்னா அப்பறம் என்னைக் கேக்கப்படாது” என்றாள் மயிலாத்தாள்.

“உங்களைக் கேக்கலீங்க நங்கையா. சாவியை மட்டும் தமிழுகிட்டக் குடுத்துருங்க. முட்டையைத் துப்பச் சொன்னீங்கல்ல, அந்தக் கையாலயே குடுங்க.”

மயிலாத்தாள் அன்று மத்தியான பஸ்ஸிலேயே கோபாலபுரம் போய்விட்டாள். போகும்போது சாவியைக் கட்டில் மேல் எறிந்தாள். காளிச்சாமி பஸ் ஸ்டாப் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, திரும்பி வரும்போது ஒரு அட்டை முட்டையோடு வந்தார். சமையற்கட்டில் வைத்தார். சட்டைப் பையிலிருந்த தாளும் அன்றுதான் வெளியே வந்தது. வேர்வையில் எழுத்து மங்கியிருந்தது.

தாளைத் தமிழ்ப்ரியா புதிதாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். முட்டைக்கு ஆறு கிராம். ஒரு கிண்ணம் பருப்புக்கு ஏழு. ஒரு கை கடலைக்கு ஏழு. தயிருக்கு மூன்று. கோழிக்கறி நாலு துண்டுக்கு இருபத்தைந்து. சரஸ்வதியம்மாளுக்கு முட்டை வாசனையே பிடிக்காது. இரண்டு நாள் குமட்டியது. ருசிக்காக அவள் தின்னவில்லை. கோபத்தில் தின்றாள். துப்பிய அந்த அரை முட்டையை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் விழுங்கினாள். தட்டில் மீதம் வைத்தால் யாரோ ஜெயித்துவிடுவார்கள் என்பது போல வழித்துத் தின்றாள். நாலாம் நாள் தமிழ்ப்ரியாவின் தட்டிலும் ஒரு முட்டையை எடுத்து வைத்தாள். “எனக்கெதுக்குங்க அத்தை?” என்றாள் அவள். “தின்னு” என்றாள் சரஸ்வதியம்மாள். பருப்புக் கிண்ணத்தையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஒறம்பரை வந்துகொண்டுதான் இருந்தது. ஆப்பிளோடு வந்தவர்களிடம், “வெச்சுட்டுப் போங்க, கொழந்தை திங்கட்டும். அடுத்த தடவை வந்தா கடலை கொண்டாங்க” என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பிறகு வரவில்லை. புண்ணில் சீழும் வரவில்லை. கட்டு மாற்றுகிற நர்ஸ், ஓரத்தில் சிவப்பாகச் சதை ஏறுகிறது என்றாள்.

ஒரு மாதம் முடிந்த அன்று ஆல்புமின் மூன்று புள்ளி ஒன்று.

டாக்டர் தேதி குறித்தார். ஜெஸ்னா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “நூத்தி எழுபது ஆப்பிளும் தின்னாச்சா அம்மே?” என்றாள். சரஸ்வதியம்மாள் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. வராந்தாவில் காளிச்சாமி போனில் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏறிப்போச்சு சாமி. ஏறாம என்ன, தினமும் நாலு முட்டை, கோழி, பருப்புன்னு நாம பாத்துப் பாத்துக் குடுத்தமல்ல.”

தோல் ஒட்டி ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். பிடித்துவிட்டது. முழங்காலை மெல்ல நீட்டச் சொன்னார் டாக்டர். நீட்டினாள். வலித்தது, ஆனால் நீண்டது. எண்பத்தைந்து கிராமை இன்னும் மூன்று மாதத்துக்கு விடக் கூடாது என்றார்.

மறுநாள் காலை காளிச்சாமி தூக்குப்போசியோடு வார்டுக்கு வந்தார். தமிழ்ப்ரியா சங்கத்துக்குப் போய்விட்டதால் முட்டையைத் தானே வேக வைத்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஏதோ ஒன்றை எதிர்பார்த்துப் பக்கத்தில் நின்றார்.

சரஸ்வதியம்மாள் ஒரு முட்டையைப் பிட்டாள். மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம். ரப்பர் போல இழுத்தது.

“எத்தனை நேரம் வெச்சீங்க?”

“முக்கா மணி நேரம் இருக்கும்.”

“பருத்திக்கொட்டைன்னு நெனச்சீங்களா? முட்டைக்குப் பத்து நிமிசம் போதும்.”

“கோவம் இன்னும் போகலயா சரசு?”

அவள் முதல் முட்டையைத் தின்றாள். ஆறு. இரண்டாவது. பன்னிரண்டு. மூன்றாவதைப் பாதி மென்றுகொண்டே, அவர் நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டாள். பதினெட்டு. இன்னும் அறுபத்தேழு இருந்தது.

“மத்தியானத்துக்குப் பருப்பு மறக்காமக் கொண்டாங்க” என்றாள்.